தோட்டப் பட்டணத்தில் சாப்பிடுவதும் கடைகளைக் குறித்து வைப்பதும்

மலேசியாவில் ரப்பர், செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டங்களை ஒட்டிய சிறு ஊர்தான் தோட்டப் பட்டணம். அங்குள்ள சாப்பாட்டுக்கடைக்குப் பெரும்பாலும் இரண்டு பெயர் இருக்கும். லைசென்சுக்காக வைத்த பெயர் பலகையில் இருக்கும். ஊர்வாயில் அது 'மீசைக்காரர் கடை', 'பஸ் ஸ்டாண்டு அக்கா கடை', 'மில்லுக்குப் பக்கத்துக் கடை' என்றுதான் வழங்கும். இரண்டில் எதை மட்டும் எழுதி வைத்தாலும் சில வருடங்களில் அது எந்தக் கடை என்று யாருக்கும் தெரியாமல் போய்விடும். சமைத்த கை யாருடையது, எந்த நேரத்தில் எந்தப் பண்டம், கடைவரிசையில் எத்தனையாவது கதவு ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் குறிப்பு நிற்கும். சுங்கை சிப்புட், பீடோர், பீடோங், பந்திங், குளுவாங் என எந்த ஊரானாலும் வழி ஒன்றுதான்.

எந்த நேரத்தில் போவது

பசியாற ரொட்டி சானாய் (வீசிச் சுடும் பரோட்டா) என்றால் காலை 7 முதல் 9.30 வரை. மாவை முதல் நாள் இரவே பிசைந்து, உருண்டை பிடித்து, மார்ஜரின் தடவி ஊற வைத்திருப்பார்கள். ஊறல் போதாத மாவு வீசும்போது சுருங்கிக்கொள்ளும், சுட்டால் ரப்பராகும். நேரம் ஏறி வெயில் பட்ட உருண்டையோ இளகிப்போய்க் கிழியும். சுட்டு அடுக்கி வைத்த ரொட்டியைக் கொடுத்தால் வாங்காதீர்கள். ஆவி உள்ளேயே தங்கித் தோலாகிவிடும். புதிதாகச் சுட்டு, தட்டி உதிர்த்துத் தரச் சொல்லுங்கள். பருப்புக் குழம்பில் 10 மணிக்கு மேல் தண்ணீர் கூடும், அது எல்லாக் கடையிலும் நடப்பது. மாலை ரொட்டியைப் பெரும்பாலும் வேறு ஆள் வீசுவார். ஆகவே காலைக் கடையும் மாலைக் கடையும் உங்கள் குறிப்பில் தனித்தனிக் கடைகள்.

வாழையிலைச் சாப்பாட்டுக்கு 12 மணியிலிருந்து 12.45 வரை. காய்கறி 11 மணி வாக்கில் இறங்கியிருக்கும், அப்பளம் மொறுமொறுப்பாக இருக்கும், மீனில் துண்டு பார்த்து எடுக்கலாம். 1.30-க்கு மேல் மீன் தலை கிடைக்காது, கத்தரிக்காய் எண்ணெயைக் கக்கியிருக்கும், ரசத்தில் அடிமண்டிதான் மிஞ்சும். ஆட்டுப் பெரட்டல் மட்டும் இதற்கு விலக்கு. அது சட்டியிலேயே கிடந்து மசாலா சுண்டச் சுண்டத்தான் ருசி ஏறும். பெரட்டலுக்காகப் போகிறவர் ஒரு மணிக்கு மேல் போவதே நல்லது. மீனும் பெரட்டலும் ஒரே நாளில் உச்சத்தில் கிடைக்காது, எது வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு கிளம்புங்கள்.

சோறும் காய்கறியும் ரசமும் மோரும் திரும்பத் திரும்பக் கேட்கலாம், அது இலை விலைக்குள் அடங்கும். மீன், நண்டு, இறால், ஆடு தனிக்கணக்கு. தகராறு வருவது நண்டிலும் மீன் தலையிலும்தான், ஏனென்றால் விலை அளவைப் பொறுத்தது. தட்டு மேசைக்கு வருமுன் 'அண்ணே, இது எவ்வளவு?' என்று கேட்டுவிடுங்கள். கடைகள் விலைப்பட்டியலைக் கண்ணில் படும்படி வைக்க வேண்டும் என்பது சட்டம். ஆனாலும் மீன் தலைக்கு நேரே மட்டும் விலை எழுதாமல் விட்டிருப்பார்கள். பில்லில் சேவை வரி 6 விழுக்காடு இருந்தால் ஏன் என்று கேளுங்கள். ஆண்டு விற்பனை 15 லட்சம் வெள்ளி (ரிங்கிட்) தாண்டும் கடைதான் அந்த வரிக்குப் பதிய வேண்டும். பட்டணத்துச் சிறு கடை எதுவும் அந்தக் கணக்கில் வராது. சுவரில் தொங்கும் ஏ, பி, சி தூய்மைச் சீட்டு சமையற்கட்டின் சுத்தத்தைச் சொல்லும், ருசியைச் சொல்லாது.

நாளும் கவனிக்க வேண்டியது. வெள்ளிக்கிழமை நடுப்பகலில் மாமாக் எனப்படும் இந்திய முஸ்லிம் கடைகள் தொழுகைக்காகச் சாத்தப்படும். அன்றைக்கு இந்துக் கடைகளில் காய்கறி வகை கூடி இறைச்சி குறையும். புரட்டாசியில் சில சமையல்காரர்கள் இறைச்சிச் சட்டியைப் பாதி அளவுக்குத்தான் வைப்பார்கள். தீபாவளியை ஒட்டிச் சமையல்காரர் ஊருக்குப் போனால் கடை வாரக்கணக்கில் மூடிக் கிடக்கலாம், அல்லது மாற்றுக் கை சமைக்கும். அந்த வாரச் சாப்பாட்டை வைத்துக் கடைக்கு மதிப்பெண் போடாதீர்கள். 1955 வேலைவாய்ப்புச் சட்டப்படி சம்பளத்தை மாதம் முடிந்து ஏழு நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். ஆகவே மாதத்தின் முதல் சனி, ஞாயிறு கூட்டம் நெரியும். பண்டங்களின் வகை அன்றுதான் அதிகம், கைப்பக்குவம் அன்றுதான் குறைவு. பாசார் மாலாம் (இரவுச் சந்தை) போடும் நாளில் மாலைக்கடைக்குப் போவது வீண். பாதிக் கடை சாத்தியிருக்கும்.

குறிப்புப் புத்தகம்

கடன் கணக்குக்கு எல்லாரும் வைத்திருந்த 555 புத்தகமே போதும். சட்டைப் பையில் அடங்கும், மேசையில் வைத்து எழுதினால் யாரும் விசாரணைக்கு வந்த ஆள் என்று நினைக்க மாட்டார்கள். கைப்பேசியில் எழுதலாம், ஆனால் கறி பட்ட விரலோடு யாரும் எழுதுவதில்லை. 'வீட்டுக்குப் போய் எழுதுவோம்' என்பதோடு அது முடிந்துவிடும்.

ஒரு கடைக்கு இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். இடப்பக்கம் மாறாதவை: பலகைப் பெயர், ஊர்ப்பெயர், கடை எண், இடமும் வலமும் உள்ள கடைகள், சமைப்பவரை ஊர் எப்படிக் கூப்பிடுகிறது, அவருக்கு முன் சமைத்தவர் யார், விடுமுறை நாள். வலப்பக்கம் அன்றன்றைய குறிப்பு: தேதி, கிழமை, உட்கார்ந்த நேரம், சாப்பிட்டது, விலை, ருசி பற்றி ஒரு வரி. அந்த ஒரு வரியில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். 'பிரமாதம்' என்று எழுதினால் எதுவும் மிஞ்சாது. 'மீன் குழம்பில் புளி முன்னால், வெந்தயம் பின்னால், மாங்காய் போட்டிருந்தது, எண்ணெய் மேலே மிதந்தது' என்று எழுதுங்கள். பெரட்டல் என்றால் கறுப்பா சிவப்பா, மிளகா மிளகாயா, கறிவேப்பிலையா பண்டான் இலையா, உருளைக்கிழங்கு உண்டா என்று எழுதுங்கள். தே தாரேக்கில் (ஆற்றிய பால் தேநீர்) நுரையை எழுதிப் பயனில்லை, சாயத்தை எழுதுங்கள். தேத்தூளை நெடுநேரம் அடுப்பில் கொதிக்க விட்டால் நாக்கில் கசப்பு ஒட்டும். பாலைக் கூட்டி அதை மறைப்பார்கள். 'குராங் மானிஸ்' (இனிப்புக் குறைவாக) என்று கேட்டு வாங்கினால் அந்த மறைப்பு விலகிவிடும். புதுக் கடையில் முதல் கோப்பையை அப்படியே கேளுங்கள்.

படம் எடுப்பதானால் பலகை, விலைப்பட்டியல், பிசையாத இலை, கடைமுன் நடைபாதையான அஞ்சடியிலிருந்து கடைவரிசை முழுவதும் என நான்கு போதும். கடைசிப் படத்தைத்தான் எல்லாரும் விட்டுவிடுவார்கள். கடை மூடிய பிறகு இடத்தை அடையாளம் காட்டப்போவது அதுதான். கைப்பேசி வரைபடத்தில் விழும் குறியை நம்பாதீர்கள். பட்டணத்துக் கடைவரிசையில் அது இரண்டு மூன்று கதவு தள்ளி நிற்பது சாதாரணம்.

சமையல்காரரிடம் கேட்பது

பிற்பகல் 3 முதல் 4 வரை கேளுங்கள். மதியச் சட்டிகள் கழுவியாகி, மாலை அடுப்பு மூட்டாத நேரம் அது. முதல் தடவை சாப்பிட்டுவிட்டுப் பேச்சு மட்டும் கொடுங்கள், பதிவுக் கருவியை இரண்டாம் தடவை வெளியே எடுக்கலாம். 'உங்கள் செய்முறை என்ன?' என்று கேட்டால் வாய் மூடிக்கொள்ளும். 'மசாலா எந்த மில்லில் அரைக்கிறீர்கள்?', 'மீன் யார் கொண்டுவந்து போடுகிறார்?', 'விறகிலிருந்து கேஸுக்கு மாறினபோது என்ன கெட்டுப்போச்சு?' என்று கேளுங்கள், பதில் தானாக நீளும். பாக்கெட் மசாலாவோடு மில் மசாலாவைக் கலக்கிறவர் நிறையப் பேர். எத்தனைக்கு எத்தனை என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள், அவர்களுக்கு அது ரகசியமே இல்லை.

அளவுதான் கடினம். வயதானவர்கள் காத்தி, தாயில், கந்தாங், பால் டின் கணக்கில் சொல்வார்கள். ஒரு காத்தி ஏறக்குறைய 605 கிராம். 16 தாயில் ஒரு காத்தி, ஒரு தாயில் 38 கிராமுக்குச் சற்றுக் குறைவு. கந்தாங் என்பது நாலரை லிட்டர் சொச்சம், அதில் கால் பங்கு ஒரு சுப்பாக். பால் டின்னுக்கு மட்டும் பொதுக்கணக்கு போட்டுவிடாதீர்கள். பழைய டின்னும் இப்போதைய டின்னும் ஒரே அளவில்லை. அவர் கையாளும் அதே டின்னில் தண்ணீர் ஊற்றி, அளவுக் கிண்ணத்தில் கவிழ்த்துப் பாருங்கள். 'ஒரு கைப்பிடி' என்றால் அவர் கையாலேயே அள்ளச் சொல்லித் தராசில் போடுங்கள், மூன்று முறை அள்ளிச் சராசரி எடுங்கள். அவர் சொன்ன சொல்லையும் கிராமையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதுங்கள்; ஒன்றை அழித்து மற்றதை வைக்காதீர்கள், நாளை எது பிசகு என்று பார்க்க இரண்டும் வேண்டும்.

கடன் புத்தகத்தைக் காட்டினால் பாருங்கள், படம் எடுக்காதீர்கள். உள்ளே இருப்பது ஊராருடைய பெயரும் கடனும்.

மூடிப்போன கடைகள்

ஒரு நீளத் தாளில் கடைவரிசையை மூலையிலிருந்து மூலை வரை கட்டம் கட்டமாக வரையுங்கள். இன்று என்ன கடை என்பதைப் பென்சிலால் கீழே எழுதுங்கள், மேல் பாதியைக் காலியாக விடுங்கள். மூன்று பெரியவர்களிடம் தனித்தனியாகக் கொடுத்து நிரப்பச் சொல்லுங்கள். ஒன்றாக உட்கார வைத்தால் குரல் பெரியவர் சொன்னதே எல்லாருக்கும் நினைவாகிவிடும். 'எந்த ஆண்டு?' என்று கேட்காதீர்கள். 'அப்போது எத்தனையாம் வகுப்பு?', 'தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டா, செம்பனையா?', 'ஒரு ரொட்டி எத்தனை காசு?' என்று கேட்டு ஆண்டை நீங்கள் கணக்குப் போடுங்கள். இரண்டு கடைகள் ஒரே கடையாகக் கலந்துபோவதுதான் வழக்கமான பிழை. பக்கத்துக் கடை எது, உட்கார்ந்தால் எதிரே என்ன தெரியும் என்று கேட்டால் அது பிரிந்துவிடும்.

கடை ஏன் மூடியது என்பதற்குப் பெரும்பாலும் 'பிள்ளைகள் எடுத்துச் செய்யவில்லை' என்றுதான் பதில் வரும். அதோடு நிற்காதீர்கள். 1948-க்கு முன் கட்டிய கடைவீடுகளின் வாடகைக் கட்டுப்பாடு 2000 ஜனவரி முதல் நாளோடு போனது. வடக்கு தெற்கு நெடுஞ்சாலை 1994-இல் முழுவதும் திறந்தபின் பழைய சாலையோரக் கடைகளுக்கு வழிப்போக்கர் குறைந்தார்கள். தோட்டம் துண்டாடப்பட்டதா, வீடமைப்புக்குப் போனதா, லயத்துச் சனம் (தோட்ட வரிசைவீடுகளில் இருந்தவர்கள்) எங்கே குடியேறியது என்று கேளுங்கள். சில கடைகள் மூடவே இல்லை. வாடிக்கையாளர் பின்னாலேயே தாமானுக்கு (வீடமைப்புப் பகுதி) போய் வேறு பெயரில் நடக்கின்றன.

பழைய படம் கிடைத்தால் காலத்தைக் கணிக்கச் சில தடயங்கள் உண்டு. விலைக்கு முன்னால் டாலர் குறி இருந்தால் பெரும்பாலும் 1993-க்கு முந்தியது. ரிங்கிட்டுக்கான ஆர்எம் குறி அந்த ஆண்டில்தான் வந்தது. 'சியாரிகாட்' (நிறுவனம்) என்பதை எஸ், எச் என்று தொடங்கி எழுதியிருந்தால் 1972 மலாய் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய பலகை. தமிழில் ணை, லை, னை துதிக்கை வடிவத்தில் இருந்தால் அதுவும் பழைய கை. மேசையில் சாம்பல் கிண்ணம் இருந்தால், சாப்பாட்டுக்கடைகளில் புகைக்கத் தடை வந்த 2019-க்கு முன். ஆனால் பலகை எழுதிய ஆண்டும் படம் எடுத்த ஆண்டும் ஒன்றல்ல. சிக்கனக்கார முதலாளி ஒரே பலகையை முப்பது வருடம் தொங்க விடுவார். பலகை 'இதற்கு முன் இல்லை' என்பதைச் சொல்லும். விலையும் கிண்ணமும்தான் படத்தின் காலத்தைச் சொல்லும்.

எழுத்துச் சான்றுக்கு முதலில் கோயிலுக்குப் போங்கள், நூலகம் பிறகு. கும்பாபிஷேக மலர், திருவிழா மலர், தமிழ்ப்பள்ளி ஆண்டு மலர் ஆகியவற்றின் கடைசிப் பக்கங்களில் சாப்பாட்டுக்கடை விளம்பரங்கள் முகவரியோடு இருக்கும், தேதி அட்டையிலேயே இருக்கும். 1924 முதல் 2019 வரை வந்த தமிழ் நேசனின் பழைய இதழ்களை நூலகங்களில் கேட்டுப் பார்க்கலாம். சிங்கப்பூர் தேசிய நூலகம் தமிழ் முரசின் பழைய இதழ்களை இணையத்தில் வைத்திருக்கிறது. தேடும்போது ஊரின் பழைய பெயரையும் போடுங்கள்: தெலுக் இந்தான் 1982 வரை தெலுக் ஆன்சன், பெஸ்தாரி ஜெயா 2007 வரை பத்தாங் பெர்ஜுந்தை.

எழுதி முடித்த பக்கத்தைப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் போடுவதற்கு முன் கடைக்காரரிடமோ அவர் குடும்பத்திடமோ அச்செடுத்துக் கொடுங்கள். பெயர் எழுத்துப்பிழை, முன்பின்னான ஆண்டு, 'அது எங்கள் அப்பா இல்லை, சித்தப்பா' போன்ற திருத்தங்கள் அங்கேதான் வரும். அளவுகளை வெளியிட வேண்டாம் என்று சொன்னால் அந்தப் பகுதியை எடுத்துவிட்டு மற்றதைப் போடுங்கள். திருத்தம் வந்த தேதியையும் சொன்னவர் யார் என்பதையும் ஓரத்தில் குறியுங்கள். ஒரு படியைக் கோயில் அலுவலகத்திலோ பள்ளி நூலகத்திலோ தாளாகவே கொடுத்து வையுங்கள், கைப்பேசி மாறும்போது முதலில் தொலைவது குழுவில் போட்ட படங்கள்தான்.