ப்ளூஸ் கையோடு ஃபங்க் வாசிப்பது எப்படி: ஜானி ‘கிட்டார்’ வாட்சனின் 1976 ஆல்பம் கற்றுத்தரும் வழி

அமெரிக்கக் கறுப்பின மக்களின் துயரப் பாடல் மரபான ப்ளூஸைப் பல ஆண்டுகள் வாசித்த கிட்டார் கலைஞர்கள், தாள அழுத்தம் மிக்க நடன இசையான ஃபங்குக்கு மாற நினைத்தால், பழகிய கைவரிசையை முதலில் மறக்க வேண்டும் என்று எண்ணிவிடுகிறார்கள். அது தேவையற்ற இழப்பு என்பதற்கு ஜானி ‘கிட்டார்’ வாட்சனைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. 1935இல் டெக்சஸின் ஹூஸ்டன் நகரில் பிறந்த அவர், 1954இலேயே ‘ஸ்பேஸ் கிட்டார்’ என்ற பதிவில் எதிரொலியையும் ஃபீட்பேக்கையும் (ஒலிபெருக்கியின் ஒலி மீண்டும் கிட்டாருக்குள் புகுந்து எழும் ரீங்காரம்) துணிந்து பயன்படுத்திய ப்ளூஸ்காரர். 1976இல் டி.ஜே.எம். நிறுவனம் வெளியிட்ட ‘எய்ன்ட் தட் எ பிட்ச்’ ஆல்பத்தின் வழியாக அவர் ஃபங்க் ரசிகர்களிடம் பெரும் வெற்றி பெற்றார். அதற்கு முன் 1973இலும் 1975இலும் ஃபேன்டசி நிறுவனத்துக்காகச் செய்த ஆல்பங்களில் அவர் ஃபங்குக்கு நெருங்கிய சோல் இசைப் பக்கம் நகரத் தொடங்கியிருந்தார் என்பதால், இந்த மாற்றம் ஒரே நாளில் வந்ததன்று.

முதலில் அந்த ஆல்பத்தைக் கிட்டாரைத் தொடாமல் கேளுங்கள். ‘சூப்பர்மேன் லவர்’ பாடலில் டிரம்ஸையும் பேஸையும் மட்டும் காதால் பின்தொடர்ந்துவிட்டு, அடுத்த முறை கிட்டார் எங்கெல்லாம் வாசிக்காமல் இருக்கிறது என்று கவனியுங்கள். வாட்சனின் தனி வாசிப்பு, பேச்சுக்கு நடுவே ஒருவர் சொல்லும் கூர்மையான பதிலைப் போல, இரண்டு மூன்று சுரங்களில் முடிந்துவிடும். அந்தச் சுரங்கள் ப்ளூஸுக்கு உரியவையே. அவற்றின் கீழே இருக்கும் தரைதான் மாறியிருக்கிறது.

அந்தத் தரை நடையால், அதாவது ஓர் அடியை எத்தனையாகப் பிரிக்கிறோம் என்பதால், ஆனது. உங்கள் உழைப்பில் பெரும்பகுதி இங்கேதான் செல்ல வேண்டும். ப்ளூஸின் ஷஃபிள் எனும் துள்ளல் தாளம் ஒவ்வொரு அடியையும் மூன்றாகப் பிரிப்பது; நம் கணக்கில் சொன்னால் ஓர் அடிக்கு ஒரு ‘தகிட’, அதில் நடு எழுத்து மௌனம். ஃபங்க் அதே அடியை நான்காகப் பிரித்து, நான்கு அடிச் சுற்றில் ‘தகதிமி’ நான்கு முறை வரும் பதினாறு நுண்ணடிகளின் மேல் நிற்கிறது. தாளம் தட்டும் கருவியான மெட்ரோநோமை நிமிடத்துக்கு 80 அடியில் வைத்து, வாயால் ‘தகதிமி’ சொல்லிக்கொண்டே, வலது கையைக் கீழும் மேலுமாகப் பதினாறு முறையும் நிற்காமல் ஓட்டுங்கள். இடது கை விரல்கள் தந்திகளை அழுத்தாமல் வெறுமனே தொட்டுக்கொண்டிருந்தால், சுரமற்ற ‘சிக்’ ஒலி மட்டும் வரும். அது சீராக வரும்வரை எந்தக் கார்டையும் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) பிடிக்க வேண்டாம். பலர் பொறுமை இழப்பது இந்த இடத்தில்தான்.

பிறகு ஈ நைன்த் கார்டை எடுத்துக்கொள்ளுங்கள்: ஐந்தாம் தந்தியில் ஏழாவது கட்டம், நான்காம் தந்தியில் ஆறாவது, மீதி மூன்று தந்திகளிலும் ஏழாவது. ப்ளூஸ்காரருக்கு இது பழகிய பிடிதான். முதல் அடியில், அதாவது சமத்தில், அதை ஒரே முறை அழுத்தி ஒலிக்கவிட்டு, உடனே விரல்களைத் தளர்த்தி மீதிப் பதினைந்தையும் ‘சிக்’ ஒலியாகவே விடுங்கள். சமத்தின் இந்த அழுத்தம் ஃபங்கின் முன்னோடிப் பாடகர் ஜேம்ஸ் பிரவுனின் குழு ஃபங்குக்கு அளித்த அடிப்படை. அது உடம்பில் ஏறிய பின்பு இரண்டாவது, மூன்றாவது அழுத்தங்களை நீங்களே விரும்பும் இடத்தில் சேர்த்து, வேகத்தை மெல்ல 100 வரை உயர்த்தலாம்.

ப்ளூஸின் வழக்கமான கார்டு மாற்ற வரிசையான பன்னிரண்டு பார் அமைப்பையும் (ஒரு பார் என்பது நான்கு அடிச் சுற்று) கொஞ்ச காலம் ஒதுக்கி வையுங்கள். ஒரே கார்டில் எட்டு பார், பதினாறு பார் நிற்பது தொடக்கத்தில் வெறுமையாகத் தோன்றும். கார்டு மாற்றத்தால் கிடைத்த நகர்வை இனி பேஸின் வரியிலிருந்து பெற வேண்டும் என்பதே அதன் காரணம். வாட்சன் இதை நன்கு அறிந்திருந்தார். அந்த ஆல்பத்தில் டிரம்ஸும் ஊதுகருவிகளும் தவிர, பேஸ், கீபோர்டு உட்பட மற்றவற்றையெல்லாம் அவரே வாசித்தார். ஆகவே, வீட்டில் பதிவு செய்யும்போது டிரம்ஸ், அதன்மேல் பேஸ் என்ற வரிசையில் தொடங்கி, அவை இரண்டும் தாமாகவே உடலை அசைக்கும் நிலைக்கு வந்த பிறகே தாளக் கிட்டாரைச் சேருங்கள்.

பாடல் வரிகளுக்கும் இதே அணுகுமுறை பொருந்தும். ஆல்பத்தின் தலைப்புப் பாடல், உழைத்தும் பணம் போதாத மனிதனின் புலம்பல். ப்ளூஸின் நெஞ்சம் அதில் அப்படியே இருக்கிறது. எனவே உங்களுடைய பழைய ப்ளூஸ் பாடல் ஒன்றையே எடுத்து, சொற்களையும் மெட்டையும் மாற்றாமல், நடையை மட்டும் தகிடவிலிருந்து தகதிமிக்கு மாற்றிப் பாடிப் பாருங்கள். தனி வாசிப்பைக் கடைசியில், பிக் (தந்தி மீட்டும் சிறு தகடு) இல்லாமல் வாட்சனைப் போல விரலாலேயே தந்தியைச் சுண்டி, பாடல் வரிகளுக்கு இடையில் கிடைக்கும் இடைவெளிகளில் மட்டும் பதிவு செய்யுங்கள்.