மலைக் குளிரில் நாய்க்குத் தோல் வறண்டு செதில் உதிர்கிறதா? முதலில் செய்ய வேண்டியவை

டிசம்பர் பிறந்து, தலைகுந்தாவிலும் காந்தலிலும் புல் மேல் உறைபனி படியத் தொடங்கியதும், நீலகிரியில் நாய் வளர்ப்பவர்கள் பலர் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "முதுகைத் தடவினால் வெள்ளை வெள்ளையாகக் கொட்டுகிறதே, என்ன செய்வது?" பதில் கிடைப்பதற்குள் பாதிப் பேர் நாயைப் பிடித்து, சோப்புப் போட்டு, தேய்த்துக் குளிப்பாட்டி முடித்திருப்பார்கள். அதுதான் கூடாது.

நம் மேல்தோலில் 10 முதல் 15 அடுக்குச் செல்கள் உண்டு. நாய்க்கு 3 முதல் 5 அடுக்குகள்தான். அந்த மெல்லிய தோலைக் காப்பது அதில் சுரக்கும் எண்ணெய்ப் பசை. பனிக்காலத்தில் காற்றில் ஈரம் குறைவு. வீட்டுக்குள் ஹீட்டர் போட்டால் இன்னும் குறைந்துவிடும். ஏற்கெனவே வறண்ட தோலில் சோப்பைத் தேய்த்தால் மிச்சமிருக்கும் எண்ணெய்ப் பசையும் போய், நாலு நாளில் செதில் இரண்டு பங்காகும்.

1. வெயிலில் நிறுத்திப் பாருங்கள்

இந்த ஒரு படியை மட்டும் அவசரப்படாமல் செய்யுங்கள். வெயில் நன்றாக விழும் நேரத்தில், வாசலில் ஒரு கறுப்புத் துணியை விரித்து நாயை அதன் மேல் நிறுத்துங்கள். வால் பக்கத்திலிருந்து கழுத்துப் பக்கமாக, முடியை எதிர்த்திசையில் கோதிவிட்டு, தோலைப் பாருங்கள்.

பொடிப் பொடியாக, காய்ந்த வெள்ளைச் செதில் மட்டும் உதிர்கிறது, தோல் சிவக்கவில்லை, முடி கொட்டவில்லை, நாயும் பெரிதாகச் சொறிந்துகொள்ளவில்லை என்றால் பெரும்பாலும் குளிரும் வறட்சியும்தான் காரணம். கீழே உள்ளதை எல்லாம் வீட்டிலேயே செய்யலாம்.

துணியில் விழுந்த செதிலை ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். பூதக்கண்ணாடி இருந்தால் நல்லது. செதில் மெதுவாக இடம் மாறினால் அது செதிலே இல்லை, அதைச் சுமந்துகொண்டு நகரும் சிற்றுண்ணி. 'நடக்கும் பொடுகு' என்றே இதைச் சொல்வார்கள். நாயை மடியில் வைத்துக் கொஞ்சுகிறவர்களின் கையிலும் வயிற்றிலும் அரிப்புத் தடிப்பு வந்திருந்தால் சந்தேகம் இன்னும் பலப்படும்.

மிளகுத்தூள் மாதிரி கறுப்புத் துகள் விழுந்தால், நனைத்த வெள்ளைப் பஞ்சில் அதை ஒற்றி எடுங்கள். செம்பழுப்பு நிறம் பரவினால் தெள்ளுப்பூச்சியின் கழிவு. அந்த நிறம், அது குடித்த ரத்தம்.

இன்னும் மூன்றைக் கவனிக்க வேண்டும். வட்டமாக முடி கொட்டியிருந்தால் படர்தாமரையாக இருக்கலாம், குழந்தைகளுக்கும் தொற்றும். காது ஓரத்திலும் முழங்கை மூட்டிலும் பொருக்குத் தட்டி, ராத்திரியெல்லாம் சொறிந்தால் சொறிநோயாக இருக்கலாம். தோல் பிசுபிசுத்துப் புளித்த வாடை அடித்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். இந்த மூன்றுக்கும் கைவைத்தியம் வேண்டாம், நேரே மருத்துவரிடம் போங்கள்.

2. தைலத்தைத் தள்ளி வையுங்கள்

நம் ஊரில் எல்லா வீட்டிலும் நீலகிரித் தைலம் ஒரு பாட்டில் இருக்கும், பக்கத்திலேயே வின்டர்கிரீன் தைலமும் இருக்கும். சளிக்கும் மூட்டுவலிக்கும் நமக்குக் கைகண்ட மருந்து என்பதால், நாயின் தோலிலும் இரண்டு சொட்டு விடத் தோன்றும். விடவே விடாதீர்கள். நாய் தன் உடம்பை நக்கும். யூகலிப்டஸ் எண்ணெய் உள்ளே போனால் வாந்தி, எச்சில் ஒழுகுதல், தள்ளாட்டம் எல்லாம் வரும். வின்டர்கிரீன் தைலத்தில் இருப்பது பெரும்பாலும் மெத்தில் சாலிசிலேட், ஆஸ்பிரினுக்கு உறவான பொருள். நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் அது கெடுத்துவிடும். கற்பூரமும் டீ ட்ரீ ஆயிலும் இதே கணக்குத்தான்.

வண்டியிலிருந்து இறக்கிய பழைய ஆயிலைச் சொறிக்குப் பூசும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அது நாயைக் கொல்லும் விஷம். மாட்டுக்கு வாங்கிய ஐவர்மெக்டின் ஊசியை அளவு தெரியாமல் நாய்க்குப் போடுவதும் ஆபத்து. கோலி போன்ற ஆடு மேய்க்கும் இனங்களில் சில நாய்களுக்கு அது மூளை வரை போய்விடும்.

3. சீவுங்கள்

தினமும் சில நிமிடம் போதும். குட்டை முடிக்கு ரப்பர் பிரஷ், நீள முடிக்கு அகலப் பல் சீப்பு. உதிர்ந்த செதில் வெளியேறும், தோலில் சுரக்கும் எண்ணெய் முடி நுனி வரை பரவும். பகலெல்லாம் ஸ்வெட்டர் போட்டிருக்கும் நாய் என்றால், கழற்றிவிட்டுக் கண்டிப்பாகச் சீவுங்கள். ராஜபாளையம், சிப்பிப்பாறை மாதிரி சமவெளியிலிருந்து வந்த குட்டை முடி நாய்களுக்கு ஸ்வெட்டர் தேவைதான், ஆனால் அதற்குள்ளேயே முடி சிக்குப் பிடிக்க விடக் கூடாது.

4. குளியலைக் குறையுங்கள், செய்யும்போது சரியாகச் செய்யுங்கள்

பனிக்காலத்தில் 4 முதல் 6 வாரத்துக்கு ஒரு முறை போதும். நம் ஷாம்பூ, குழந்தை சோப்பு எதுவும் வேண்டாம். நம் தோல் சற்று அமிலத்தன்மை உள்ளது, நாயின் தோல் கிட்டத்தட்ட நடுநிலை. இரண்டுக்கும் ஒரே சோப்பு ஒத்துவராது.

ஓட்ஸ் குளியல் நல்ல பலன் தரும். சர்க்கரையோ மசாலாவோ சேராத வெறும் ஓட்ஸை மிக்ஸியில் மாவாக அரையுங்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் போட்டுக் கலக்கினால் பால் மாதிரி வெளுக்க வேண்டும். அடியில் தங்கிவிட்டால் இன்னும் அரைக்க வேண்டும். ஒரு வாளி வெதுவெதுப்பான தண்ணீருக்கு ஒரு கப் மாவு. முழங்கையை உள்ளே விட்டால் சூடும் உறைக்கக் கூடாது, குளிரும் தெரியக் கூடாது. அந்தத் தண்ணீரை மக்கில் மொண்டு முதுகில் ஊற்றி ஊற்றி, 10 நிமிடம் மெதுவாகத் தேய்த்துவிட்டு, நல்ல தண்ணீரில் அலசுங்கள். கண்ணிலும் காதிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நேரம் முக்கியம். வெயில் ஏறிய பிறகு, பகல் 11 மணிவாக்கில் தொடங்கினால் மஞ்சு இறங்குவதற்குள் நாய் காய்ந்துவிடும். டவலால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். அக்குளும் விரலிடுக்கும் ஈரமாகவே நின்றால், வறட்சி போய்ப் பூஞ்சை வந்துவிடும்.

தேங்காய் எண்ணெய் தடவலாமா என்று கேட்பார்கள். வெடித்த முழங்கையில் கொஞ்சமாகத் தடவலாம். உடம்பு முழுக்க வேண்டாம், நக்கி நக்கி வயிற்றுப்போக்குதான் மிஞ்சும்.

5. தட்டில் என்ன விழுகிறது?

பால் சோறும் தயிர் சோறும் தின்றே வளரும் நாய்க்குத் தோல் பளபளக்காது. தோலுக்கும் முடிக்கும் புரதமும் கொழுப்பும் வேண்டும். தானியமே முக்கால்வாசி என்றால் துத்தநாகச் சத்தும் உடம்பில் சரியாகச் சேராது. வேகவைத்த முட்டை, கோழி இறைச்சி, சமவெளியிலிருந்து மேலே வரும் மத்தி மீன் ஆகியவற்றைச் சோற்றோடு சேருங்கள். மீனை உப்பில்லாமல் வேகவைத்து முள் எடுத்துவிடுங்கள். வெங்காயமும் பூண்டும் கூடாது.

மீன் எண்ணெய் மாத்திரையை நாயின் எடைக்கு ஏற்ப மருத்துவர் சொல்லும் அளவில் கொடுங்கள். மீன் ஈரல் எண்ணெய் வேறு. அதில் ஏ, டி வைட்டமின்கள் மிகுதி, கூடினால் கெடுதல். எண்ணெயின் பலன் தெரிய 6 முதல் 8 வாரம் ஆகும், நடுவில் நிறுத்திவிடாதீர்கள்.

6. படுக்கும் இடம்

ஹீட்டருக்கு முன்னால் ஒட்டிப் படுக்க விடாதீர்கள். படுக்கையைத் தள்ளிப் போட்டு, அறையில் ஓர் அகலப் பாத்திரத்தில் தண்ணீர் வையுங்கள். அடைத்த அறைக்குள் கரி அடுப்பு கண்டிப்பாகக் கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு நாயோடு சேர்த்து நம்மையும் கொன்றுவிடும்.

7. மாட்டாஸ்பத்திரிக்கு எப்போது?

இதையெல்லாம் ஒரு மாதம் செய்தும் குறையவில்லை என்றால் போங்கள். நடுவயது நாய் அளவாகத் தின்றும் எடை கூடுகிறது, சுறுசுறுப்புக் குறைகிறது, இரு விலாவிலும் ஒரே மாதிரி முடி கொட்டுகிறது என்றால் ஒரு மாதம்கூடக் காத்திருக்க வேண்டாம், தைராய்டு குறைபாடாக இருக்கலாம். ரத்தப் பரிசோதனையில் தெரியும், மாத்திரையில் கட்டுப்படும்.

போவதற்கு முன் ஓரிரு நாள் குளிப்பாட்டாமல், எண்ணெய் தடவாமல், அப்படியே கூட்டிப் போங்கள். தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்க்க அதுதான் வசதி. என்ன சாப்பாடு, எந்த ஷாம்பூ, வீட்டில் வேறு யாருக்காவது அரிப்பு உண்டா என்பதையும் சொல்லுங்கள். வீட்டில் பூனை இருந்தால் மறக்காமல் சொல்ல வேண்டும். உண்ணிக்காக நாயின் கழுத்தில் விடும் சில மருந்துகளில் உள்ள பெர்மெத்ரின் பூனைக்கு விஷம்.