வேதியியல் வகுப்பில் அனிமேஷன் வீடியோ: எங்கே சறுக்குகிறோம்?

உப்பு தண்ணீரில் கரைவதைக் காட்டும் அனிமேஷன்கள் யூடியூபில் ஏராளம். பிளஸ் ஒன் வகுப்பில் ஒன்றைப் போட்டுக் காட்டி ‘புரிந்ததா?’ என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். அப்புறம் உப்புக் கரைசலை வரையச் சொன்னால், சோடியமும் குளோரினும் ஜோடியாக ஒட்டியபடியே மிதக்கும் படங்கள் வரும். உண்மையில் கரைந்ததும் அவை தனித்தனி அயனிகளாக, அதாவது மின்னூட்டம் கொண்ட அணுக்களாக, பிரிந்துவிடும். வீடியோவுக்கு முன்பே வரைய வைக்காததுதான் முதல் தவறு. தன் படம் கையில் இருந்தால், அது சரியா என்று பார்க்கவே மாணவர் திரையைக் கவனிப்பார்.

வீடியோ சொல்வதையெல்லாம் அப்படியே நம்புவது இன்னும் பெரிய தவறு. தெளிவாகத் தெரியவேண்டும் என்று நாலைந்து நீர் மூலக்கூறுகளை மட்டும் வரைந்து, நடுவே வெற்றிடம் விட்டிருப்பார்கள். உண்மையில் திரவத்தில் மூலக்கூறுகள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். ஒரு லிட்டர் தண்ணீரில் 58.5 கிராம் உப்பு, அதாவது ஒரு மோல் (துகள்களை எண்ணும் அலகு), போட்டால்கூட ஒரு சோடியம் அயனிக்குச் சுமார் 55 நீர் மூலக்கூறுகள் இருக்கும். இதை வாய்விட்டுச் சொல்லுங்கள். அணுக்களுக்கு ஊதா, பச்சை என்று நிறம் கிடையாது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

நடுவில் நிறுத்திக் கேளுங்கள்: நீரின் எந்தப் பக்கம் சோடியம் அயனியைப் பார்த்து நிற்கிறது? ஆக்சிஜன் பக்கம். குளோரைடு அயனிக்கு ஹைட்ரஜன் பக்கம். இரண்டு அயனியையும் ஒரே அளவில் வரைந்திருந்தால், தவறைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், குளோரைடுதான் பெரியது.

பிணைப்பு உடையும்போது பளிச்சென்று தீப்பொறி பறக்கும் வீடியோக்களைத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். ஒரு மோல் ஹைட்ரஜன் மூலக்கூறுகளின் பிணைப்பை உடைக்க 436 கிலோஜூல் ஆற்றலை நாம் கொடுக்க வேண்டும். ஆற்றல் வெளிவருவது பிணைப்பு உருவாகும்போதுதான். இந்த ஒரு தப்பான படம் மனதில் பதிந்தால் வெப்ப இயக்கவியல் பாடம் முழுக்கக் குழப்பும். வேதிச் சமநிலையில் எல்லாத் துகள்களும் அசையாமல் நிற்கும் வீடியோவும் அப்படித்தான்: முன்னோக்கு வினையும் பின்னோக்கு வினையும் நிற்பதே இல்லை.

ஆங்கில வர்ணனை ஓட, மேலே நாம் தமிழில் பேசினால் இரண்டுமே காதில் ஏறாது. ஒலியை அணைத்துவிட்டு நீங்களே பேசுங்கள்.

ஆய்வகம் இருக்கும்போது வீடியோவோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். உப்புக் கரைசலில் வெள்ளி நைட்ரேட் சொட்டு விழுந்ததும் தயிர்போல வெள்ளை வீழ்படிவு திரள்வதைப் பார்த்துவிட்டு, அயனிகள் சேரும் அனிமேஷனைப் போடுங்கள். அப்போது ‘அந்த வெள்ளை எங்கிருந்து வந்தது?’ என்ற கேள்வி மாணவரிடமே இருக்கும்.