நிறுவனம் கிளம்பிவிட்டது, கார் இருக்கிறது: அடுத்து என்ன செய்வது?

ஒரு கார் நிறுவனம் நாட்டைவிட்டு வெளியேறுவதாக அறிவித்ததும், அதன் கார்களை வைத்திருப்பவர்களில் சிலர் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். சிலர் "ஓடுகிற வரை ஓடட்டும்" என்று விட்டுவிடுகிறார்கள். முதல் கூட்டத்துக்குப் பண நஷ்டம் உடனே. இரண்டாவது கூட்டத்துக்குக் கொஞ்சம் தள்ளி வரும். ஒரு ஹெட்லைட்டுக்காகவோ ஒரு சாவிக்காகவோ கார் மாதக்கணக்கில் நிற்கும்.

கார் கம்பெனி என்பது பெருமளவுக்குப் பாகங்களை வாங்கிப் பூட்டுகிற கம்பெனி. இன்ஜெக்டர் பாஷ் அல்லது டென்சோ, பேரிங் எஸ்கேஎஃப், கிளட்ச் வேலியோ அல்லது லுக் என்று ஒவ்வொன்றையும் ஒருவர் செய்து கொடுத்திருப்பார். அவர்கள் எங்கும் போகவில்லை. கம்பெனியோடு சேர்ந்து போகிறவை இரண்டே வகை: அந்த மாடலுக்கென்றே அச்சு செய்து வார்த்த பாகங்கள், கம்பெனியின் சர்வரோடு பேசினால் மட்டுமே நடக்கும் வேலைகள். முதல் ஆறு மாதத்தில் உங்கள் பணமும் அலைச்சலும் இந்த இரண்டுக்கே போகட்டும்.

எப்படிப் போகிறார்கள் என்று முதலில் பாருங்கள்

தாய் நிறுவனம் உயிரோடு இருந்து, இந்தச் சந்தையை மட்டும் விடுகிறது என்றால் பெரிய ஆபத்தில்லை. 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாகச் சொன்ன ஃபோர்டு, சர்வீஸையும் உதிரிபாக விநியோகத்தையும் தொடர்ந்தது. 2020 பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவில் ஹோல்டன் பெயரையே ஜெனரல் மோட்டார்ஸ் மூடியபோது, குறைந்தது 10 ஆண்டுகளுக்குப் பாகங்களும் சர்வீஸும் உண்டு என்றது. ஐரோப்பாவில் செவர்லே விற்பனை நின்றபோது, அப்போது அதே ஜெனரல் மோட்டார்ஸின் கையிலிருந்த ஓப்பலின் பட்டறைகள் அந்தக் கார்க்காரர்களுக்குக் கதவைத் திறந்தன.

உள்ளூர்க் கிளை திவாலாகி, தாய் நிறுவனம் பிழைத்திருப்பது இரண்டாவது வகை. 2012 நவம்பரில் அமெரிக்காவில் சுசுகியின் கார் விற்பனைக் கிளை திவால் பாதுகாப்பு கோரியது; பைக், படகு எஞ்சின் வியாபாரத்தைத் தொடர்ந்த புதிய கிளை கார்களின் வாரண்டியையும் ஏற்றுக்கொண்டது. இங்கே கவனிக்க வேண்டியது, வாரண்டியை இனி சுமக்கப்போவது யார் என்று எழுத்தில் இருக்கிறதா என்பது.

தாய் நிறுவனமே சாவது மூன்றாவது வகை, மோசமானதும் இதுதான். அப்போது நிறுவன வாரண்டி வெறும் காகிதம். ஆனாலும் 2011 டிசம்பரில் திவாலான சாப் கார்களுக்கு இன்றும் பாகம் கிடைக்கிறது; உதிரிபாகப் பிரிவு தனி நிறுவனமாகப் பிழைத்து, பிறகு ஓரியோ என்று பெயர் மாற்றிக்கொண்டது. 2024 ஜூனில் திவாலான ஃபிஸ்கர் நிலைமை அப்படியில்லை. மென்பொருளை நம்பி ஓடும் மின்சாரக் கார் என்பதால், உரிமையாளர்களே சங்கம் அமைத்து மல்லுக்கட்ட வேண்டியதாயிற்று.

நீட்டித்த வாரண்டி வாங்கியிருந்தால் பத்திரத்தை எடுத்து, பொறுப்பேற்றவர் பெயரைப் படியுங்கள். காப்பீட்டு நிறுவனம் என்றால் பொதுவாக அது செல்லுபடியாகும். டீலர் என்றால் டீலர் மூடும் நாள்தான் அதன் கடைசி நாள். முன்பணம் கட்டிய சர்வீஸ் பேக்கேஜையும் அதற்கு முன்பே பயன்படுத்தித் தீர்த்துவிடுங்கள்.

டீலர் மூடுவதற்குள்

இங்கே வரிசை முக்கியம். முதலில் சேசிஸ் நம்பரைக் கொடுத்து, நிலுவையிலுள்ள ரீகால்களையும் (குறைபாட்டைச் சரிசெய்யக் கம்பெனி காரைத் திரும்ப அழைப்பது) மென்பொருள் புதுப்பிப்புகளையும் கேளுங்கள். வெளியேறும் நிறுவனத்துக்கும் பாதுகாப்பு ரீகால் பொறுப்பு பல நாடுகளில் தொடரும். ஆனால் வேலையைச் செய்ய ஆளும் இடமும் குறையும். டகாட்டா ஏர்பேக் போன்ற ரீகால் நிலுவையில் இருந்தால் அதைத் தள்ளிப்போடவே கூடாது. காரோடு வந்த இன்ஃப்ளேட்டர் (ஏர்பேக்கை ஊத வைக்கும் பாகம்) வெடித்து உலோகத் துண்டுகள் பறக்கும் குறைபாடு அது. கியர்பாக்ஸ், இசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி), ஏபிஎஸ் மாட்யூல் மூன்றுக்கும் இருக்கும் கடைசி மென்பொருள் பதிப்பை ஏற்றச் சொல்லுங்கள்.

அடுத்தது சாவி. கையில் ஒரே சாவி என்றால் உடனே இரண்டாவதைச் செய்துகொள்ளுங்கள். இம்மொபிலைசர் (பதிவான சாவி இல்லாமல் எஞ்சினை ஓடவிடாத மின்னணுப் பூட்டு) உள்ள காரில், பதிவான சாவி ஒன்று இருக்கும்போது இன்னொன்றைச் சேர்ப்பது சின்ன வேலை. எல்லாச் சாவியும் தொலைந்த பிறகு செய்வதற்கு நிறுவன சர்வரின் அனுமதியோ, மாட்யூலைக் கழற்றி மெமரியைப் படிக்கிற ஆளோ வேண்டும். சில மாடல்களில் பதிவான இரண்டு சாவிகள் இருந்தால் மூன்றாவதை நீங்களே பதியலாம், ஒன்று மட்டும் இருந்தால் முடியாது. ஆகவே இரண்டு குறைந்தபட்சம், மூன்று நிம்மதி.

பிறகு காகிதங்கள்: பேட்டரி கழற்றினால் கேட்கும் ரேடியோ கோட், சாவி வெட்டும் எண், இம்மொபிலைசர் பின், முழு சர்வீஸ் வரலாறு, உங்கள் சேசிஸ் நம்பருக்கான பாகப் பட்டியல். வயரிங் வரைபடமும் பழுதுபார்ப்புக் கையேடும் காசு கொடுத்தாவது எங்காவது கிடைத்தால் இறக்கி வையுங்கள். மொபைல் செயலியால் பூட்டுத் திறக்கும் கார் என்றால், சர்வர் நின்றுபோனாலும் கதவு திறக்கிற உலோகச் சாவி எங்கே ஒளிந்திருக்கிறது என்று இப்போதே தேடிப் பார்த்துப் பழகுங்கள்.

பாகங்களைப் பிரிப்பது

எல்லாவற்றையும் வாங்கிக் குவிப்பவர் பணத்தை வீணாக்குகிறார். பிரேக் பேட், ஃபில்டர், ஸ்பார்க் பிளக், டைமிங் பெல்ட், பேட்டரி, எச்4, எச்7 பல்பு எதையும் பதுக்க வேண்டாம். இவை வரும் பல ஆண்டுகளுக்குக் கிடைக்கும்; கம்பெனி பெட்டியில் வராது, அவ்வளவுதான்.

கம்பெனி பாக எண்ணை மட்டும் சொல்லித் தேடினால் கடைக்காரர் கைவிரிப்பார். பாகத்தின் உடம்பில் இருக்கும் எண்ணைப் படிக்கக் கற்றுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது:

- ரிப்பெல்ட்டில் 6பிகே1110 என்றிருந்தால் 6 வரிகள், 1110 மி.மீ. நீளம். எந்தக் காருக்கு என்று கேட்கவே தேவையில்லை.
- ஆயில் சீலில் 35×52×7 என்றிருந்தால் உள்விட்டம், வெளிவிட்டம், அகலம், மில்லிமீட்டரில்.
- பேரிங்கில் 6203 என்றால் 17 மி.மீ. துளை, 40 மி.மீ. வெளிவிட்டம், 12 மி.மீ. அகலம். யார் செய்தாலும் இதே அளவுதான். வீல் பேரிங் மட்டும் பெரும்பாலும் தனி வடிவம், ஏபிஎஸ் காந்த வளையமும் அதிலேயே இருக்கலாம். அதை எண்ணோடு சேர்த்துத்தான் வாங்க வேண்டும்.
- பாஷ் டீசல் இன்ஜெக்டரில் 0 445 என்று தொடங்கும் 10 இலக்கம். பிரேக் பேடின் முதுகில், எந்தப் பேட் என்று அடையாளம் காட்டும் ஐந்து இலக்க டபிள்யூவிஏ எண்.

ஒவ்வொரு சர்வீஸிலும் கழற்றிய பழைய பாகத்தைப் படம் எடுத்து, எண்ணை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். பாகம் உடைந்து கரிபிடித்த பிறகு அந்த எண் தெரியாது.

எதை வாங்கி வைக்க வேண்டும்? மாடலுக்கென்றே அச்சு வார்த்தவற்றை. ஹெட்லைட் ஒரு ஜோடி, பின்விளக்கு ஒரு ஜோடி, வெளிக்கண்ணாடி முழு அசெம்பிளி, கதவுக் கைப்பிடி, பவர் விண்டோ ரெகுலேட்டர், பம்பர் கிளிப்புகள் ஒரு பை நிறைய. கூலண்ட் எக்ஸ்பேன்ஷன் டேங்க், தெர்மோஸ்டாட் உறை இரண்டும் பிளாஸ்டிக்கில் வருபவை. சூட்டில் வெந்து வெடிப்பது இவற்றின் சுபாவம், எஞ்சினைக் கொல்வதும் இவைதான். பானெட், கதவு போன்ற தகடுகளை வாங்காதீர்கள். இடம் அடைக்கும், துருப்பிடிக்கும், டிங்கர் வேலையில் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் பம்பரைப் பிடிக்கும் பிராக்கெட்டுகளை வாங்குங்கள். சின்ன மோதலிலேயே அவைதான் உடையும். அவை இல்லாமல் புதுப் பம்பர்கூட வாய் பிளந்து நிற்கும்.

கண்ணாடியில் ஒரு நுணுக்கம். முன் கண்ணாடியைத் தனி கண்ணாடித் தயாரிப்பாளர்கள் பொதுவாகத் தொடர்ந்து செய்வார்கள். கதவுக் கண்ணாடியும் பின்கண்ணாடியும் சூட்டில் இறுக்கியவை. இறுக்கிய பிறகு வெட்ட முடியாது என்பதால் வேறு காரினதைத் தேய்த்துப் பொருத்த வழியில்லை. பழைய கார் உடைக்கும் இடத்தில் முழுதாகக் கிடைத்தால் எடுத்துவிடுங்கள்.

ரப்பர் பாகங்களை நீண்ட நாள் சேமிக்க வேண்டாம். புஷ், பெல்ட், ஹோஸ் எல்லாம் பெட்டிக்குள்ளேயே கிழடாகும். கட்டாயம் வைக்க வேண்டியிருந்தால் இருட்டில், காற்றுப் புகாத பையில், மின்மோட்டார் ஓடாத அறையில். மோட்டார் தீப்பொறியில் உண்டாகும் ஓசோன் ரப்பரை வெடிக்கச் செய்யும். ஷாக் அப்சார்பரை நிறுத்தியே வையுங்கள். பூட்டுமுன் நான்கைந்து தடவை முழுதாக இழுத்து அமுக்கிக் காற்றை வெளியேற்றுங்கள். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும், தேவைப்படும்போது மட்டும் புது டப்பா. பழைய ஏர்பேக்கை ஒருபோதும் வாங்காதீர்கள்.

உறவுக்காரக் கார்

உங்கள் காரின் எஞ்சினும் தளமும் வேறு எந்தக் கம்பெனிக் காரில் இருக்கின்றன என்று கண்டுபிடிப்பதுதான் இந்த முழு வேலையிலும் அதிகப் பலன் தருவது. டட்சன் பெயரை நிசான் 2022இல் நிறுத்தியது. ரெடிகோவின் தளமும் எஞ்சினும் ரெனோ க்விட்டினுடையவை. செவர்லே கேப்டிவாவும் ஓப்பல் அன்டாராவும் உடன்பிறப்புகள். ஃபியட் லீனியா, புன்டோவின் 1.3 லிட்டர் மல்டிஜெட் டீசல் இந்தியாவில் மாருதி ஸ்விஃப்டிலும் டாடா விஸ்டாவிலும் ஓடிய அதே குடும்பம். ஃபியட் கடை மூடினாலும் பிஸ்டன் ரிங், டைமிங் செயின், ஹெட் கேஸ்கெட் கிடைக்காமல் போகவில்லை.

தவறு நடப்பதும் இங்கேதான். ஒரே எஞ்சின் என்றால் ஒரே பாகம் என்று அர்த்தமில்லை. அதே மல்டிஜெட்டின் 75 குதிரைத்திறன் வடிவில் நிலையான டர்போ, 90க்கு மேற்பட்ட வடிவில் இறக்கை மாறும் டர்போ. ஒன்றின் டர்போவை மற்றதில் போட்டால் இசியு ஏற்காது. எஞ்சினின் உள்பாகங்கள் பொதுவாக ஒத்துப்போகும். வெளியே தொங்குபவை ஒத்துப்போவதில்லை: மவுண்ட், ஆயில் சம்ப், ஆல்டர்னேட்டர் பிராக்கெட், வயரிங் கனெக்டர். கிளட்ச் கியர்பாக்ஸையும் பொறுத்தது, எஞ்சினை மட்டுமல்ல. பல காமன்ரெயில் டீசல்களில் புது இன்ஜெக்டரின் மேலுள்ள குறியீட்டை இசியுவில் எழுத வேண்டும். எழுதாமல் விட்டால் கார் ஓடும், ஆனால் ஐட்லில் ஆட்டமும் புகையும் இருக்கும். பாதி மெக்கானிக்குகள் அதை இன்ஜெக்டர் கோளாறு என்று நினைத்து மறுபடி கழற்றுவார்கள்.

எஞ்சின் ஆயிலைக் கனம் பார்த்து மட்டும் ஊற்றுவதும் இதே ரகத் தவறு. ஃபோர்டின் 1.0 லிட்டர் ஈகோபூஸ்ட் எஞ்சினின் பல வடிவங்களில் டைமிங் பெல்ட் ஆயிலுக்குள்ளேயே ஓடுகிறது. அதற்கான தர எண் 948-பி, கனம் 5டபிள்யூ-20. வேறு ஆயில் ஊற்றினால் பெல்ட் உரிந்து, துகள்கள் ஆயில் பம்பின் சல்லடையை அடைத்து, ஆயில் அழுத்தம் குறைந்து எஞ்சின் போய்விடலாம். கையேட்டில் இருக்கும் தர எண் ஆயில் டப்பாவின் முதுகிலும் அச்சாகியிருக்க வேண்டும். "எல்லாக் காருக்கும் இதுதான்" என்ற பேச்சை நம்பாதீர்கள்.

மெக்கானிக்கும் கருவியும்

வெளி மெக்கானிக்கைச் சோதிக்க ஒரு கேள்வி போதும்: "ஏபிஎஸ், ஏர்பேக், பாடி மாட்யூல் மூன்றையும் உங்கள் ஸ்கேனரில் திறக்க முடியுமா?" மலிவான ஓபிடி கருவி (காரில் செருகிக் கோளாறைப் படிக்கும் ஸ்கேனர்) எஞ்சினின் புகை சம்பந்தப்பட்ட கோளாறுக் குறியீடுகளோடு நின்றுவிடும். ஃபோர்டுக்கு ஃபோர்ஸ்கேன், ஃபியட்டுக்கு மல்டிஇசியுஸ்கேன், சாப்புக்கு டெக் 2 என்று பிராண்டுக்கென்று ஒரு கருவி இருக்கும். அது உங்களிடமோ தெரிந்தவரிடமோ இருந்தால் டீலர் இல்லாத குறை பெருமளவு தீரும். மூடும் டீலரிடம் வேலை பார்த்த டெக்னீஷியன்கள் எங்கே சேர்ந்தார்கள், யார் சொந்தப் பட்டறை போட்டார்கள் என்று விசாரியுங்கள். அந்தத் தொடர்பு பாகங்களைவிட மதிப்பு.

விற்பதா, வைப்பதா

அறிவிப்பு வந்த முதல் சில மாதங்கள் விற்க மிக மோசமான நேரம். எல்லாரும் ஒரே சமயத்தில் விற்கிறார்கள். மேனுவல் கியர், அதிகம் விற்ற மாடல், உறவுக்காரக் கார் உள்ளது என்றால் வைத்துக்கொள்ளுங்கள். உலர் இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக், ஏர் சஸ்பென்ஷன், கொஞ்சமே விற்ற மாடல், இணையம் இல்லாமல் முடங்கும் மின்சாரக் கார் என்றால், வாரண்டி மிச்சமிருக்கும்போதே விட்டுவிடுவது புத்திசாலித்தனம்.

வைத்துக்கொள்பவர்கள் காப்பீட்டில் ஒப்புக்கொண்ட மதிப்பை ஆண்டுதோறும் சரிபாருங்கள். காரின் மதிப்பு குறைந்து பாக விலை ஏறும்போது, நடுத்தர விபத்தே முழு நஷ்டக் கணக்கில் போய்விடும்.

இதே மாடல் வைத்திருக்கும் இரண்டு மூன்று பேர் சேர்ந்து, விபத்தில் சிக்கிய ஒரு காரை வாங்கிப் பிரித்துக்கொள்வதும் நல்ல வழி. வாங்கும்போது இசியு, இம்மொபிலைசர் மாட்யூல், சாவி மூன்றையும் ஒரே காரிலிருந்து ஒரே செட்டாக எடுங்கள். தனித்தனியாக எடுத்தால் ஒன்றையொன்று அடையாளம் காணாமல் கார் ஸ்டார்ட் ஆகாது. வயரிங் கனெக்டர்களைக் கழற்றும்போது ஒரு சாண் வயரோடு வெட்டி எடுங்கள், பின்னால் ஒட்டவைக்க அந்த நீளம் வேண்டும். அந்தக் காரின் பதிவை ரத்து செய்த சான்றிதழை யார் பெயரில் வாங்குவது, மிச்சத்தை எங்கே போடுவது என்பதைப் பணம் போடும் முன்பே எழுதிக்கொள்ளுங்கள்.