இங்கிலாந்தில் புது வீடு: ரிசர்வேஷன் கட்டிய பிறகு வரும் 28 நாள்

மில்டன் கீன்ஸ் பக்கம் புதிதாக எழும்பிக்கொண்டிருந்த குடியிருப்பில் ஷோ ஹோமை, அதாவது மாதிரி வீட்டை, சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று போன வருடம் ஒரு சனிக்கிழமை போனோம். ஒரு வீட்டை எங்களுக்காக நிறுத்திவைக்க ரிசர்வேஷன் பணம் 500 பவுண்டு கட்டிவிட்டுத்தான் வீடு திரும்பினோம். அன்றிலிருந்து 28 நாளுக்குள் எக்ஸ்சேஞ்ச் செய்யணும், அதாவது 10 சதவீத டெபாசிட்டைக் கட்டி, இனி பின்வாங்க முடியாது என்கிற நிலைக்கு வந்துவிடணும். எங்களுக்கு 33 நாள் ஆனது. எங்கே தடுக்கியது என்பதற்காகத்தான் இந்தப் பதிவு. மார்ட்கேஜ் (வீட்டுக் கடன்) என்றால் என்ன என்பதெல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். ஸ்காட்லாந்தில் முறையே வேறு, அங்கே வாங்குபவர்கள் இதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

படி 1: கார்டை நீட்டுவதற்கு முன்

ரிசர்வேஷன் அக்ரிமென்டில் இரண்டே இரண்டு வரியைத் தேடுங்கள். எத்தனை நாள்? எந்த நாளிலிருந்து? இரண்டாவது கேள்வியை நான் கேட்கவே இல்லை. எங்களுக்குக் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்தே கணக்கு. பில்டருடைய வக்கீல் கான்ட்ராக்ட் பேப்பரை அனுப்பியதே ஆறாம் நாள், ஆக நான் ஒன்றும் செய்யாமலே அத்தனை நாள் போயிற்று. "பேப்பர் என் சொலிசிட்டர் (நம் பக்கத்து வக்கீல்) கைக்கு வந்த நாளிலிருந்து கணக்கு வைத்துக்கொள்ளலாமா" என்று கேட்டுப்பாருங்கள். ஒத்துக்கொண்டால் எழுதி வாங்குங்கள். நண்பர் ஒருவர் கேட்டார், 42 நாளே கொடுத்துவிட்டார்கள். நாம்தான் கேட்கக் கூச்சப்படுகிறோம்.

படி 2: கட்டிய பணம் திரும்ப வருமா

புது வீடு கட்டி விற்பவர்களுக்கு விதி வகுக்கும் அமைப்பு நியூ ஹோம்ஸ் குவாலிட்டி போர்டு. பில்டர் அதில் பதிவு செய்தவரா என்று அந்த போர்டின் இணையதளத்திலேயே பார்க்கலாம். பதிவு செய்தவர் என்றால் கையெழுத்திட்டதிலிருந்து 14 நாளுக்குள் மனசு மாறினால் ரிசர்வேஷன் பணம் முழுசாகத் திரும்ப வரணும். அதற்குப் பிறகு விலகினால், தங்களுக்கு ஆன நியாயமான செலவைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். என்னென்ன பிடிப்பார்கள் என்று அக்ரிமென்டில் போட்டிருக்கணும். உண்மையில் 500 பவுண்டு போனால் போகிறது. சொலிசிட்டருக்கும், வீட்டைப் பற்றி உள்ளாட்சி போன்ற இடங்களில் விசாரிக்கும் 'சர்ச்'சுக்கும் கட்டிய காசு இருக்கிறதே, அதுதான் வலிக்கும், அதை பில்டர் தரமாட்டார்.

படி 3: சொலிசிட்டர்

சேல்ஸ் ஆபீஸில் ஒருவரைச் சிபாரிசு செய்வார்கள். இவர்கள் என்றால் சீக்கிரம் முடியும் என்பார்கள். முடியலாம், அந்த இடத்துப் பேப்பரெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். ஆனால் அவரைத்தான் வைக்கணும் என்று கட்டாயப்படுத்த அந்த போர்டின் விதி இடம் கொடுப்பதில்லை. என்னைக் கேட்டால் நம் ஆள் நமக்கு. ஃபீஸ் மலிவு என்று பார்க்காமல் மூன்று கேள்வி கேளுங்கள்: உங்கள் மார்ட்கேஜ் கொடுக்கும் வங்கியின் பேனலில் (வங்கி ஏற்றுக்கொண்ட வக்கீல்கள் பட்டியலில்) இருக்கிறாரா, நியூ பில்ட் (புது வீடு) வேலை வழக்கமாகச் செய்கிறாரா, அடுத்த நாலு வாரத்தில் லீவில் போகிறாரா. கடைசிக் கேள்வியைக் கேட்டால் சிரிப்பார்கள். பரவாயில்லை, கேளுங்கள்.

படி 4: மார்ட்கேஜ்

நேராக வங்கிக்குப் போவதைவிட மார்ட்கேஜ் புரோக்கர் மேல் என்பது என் கட்சி. டிசிஷன் இன் பிரின்சிபிள் (இவ்வளவு கடன் தரலாம் என்று வங்கி முதலில் தரும் உத்தேச ஒப்புதல்) கையில் வைத்துக்கொண்டே ஷோ ஹோமுக்குப் போங்கள், ரிசர்வ் செய்த பிறகு வரும் திங்கட்கிழமையே முழு விண்ணப்பம் போய்விடணும். பில்டர் ஃப்ளோரிங், ஸ்டாம்ப் டியூட்டி (வீடு வாங்கும்போது கட்டும் வரி) என்று ஏதாவது இலவசமாகத் தந்தால் அது யூகே ஃபைனான்ஸ் டிஸ்க்ளோஷர் ஃபார்ம் என்ற சலுகை விவரப் படிவத்தில் ஏறி வங்கிக்குப் போகணும். இன்னும் கட்டி முடிக்காத வீடா? மார்ட்கேஜ் ஆஃபர் பெரும்பாலும் 6 மாதம்தான் செல்லும், நியூ பில்டுக்குக் கூடுதல் காலம் தரும் வங்கி எது என்று புரோக்கரைக் குடையுங்கள்.

படி 5: ஊரிலிருந்து வரும் பணம் (இங்கேதான் நான் விழுந்தேன்)

டெபாசிட்டில் 9 லட்சம் ரூபாய் அப்பா கொடுத்தது. சொலிசிட்டர் ஆரம்பத்தில் அனுப்பிய படிவத்தில் பணம் எங்கிருந்து வருகிறது என்ற கட்டத்தில் "அப்பா தரும் அன்பளிப்பு" என்று ஒரே வரி எழுதிவிட்டுக் கவலையில்லாமல் இருந்தேன். 17ஆம் நாள் மெயில் வருகிறது: அப்பாவுக்கு அந்தப் பணம் எப்படி வந்தது?

ஃபிக்ஸட் டெபாசிட்டிலிருந்து வந்தது என்றேன். அந்த டெபாசிட்டுக்கு எப்படி வந்தது? மணப்பாறை பக்கம் இருந்த நிலத்தை மூன்று வருடத்துக்கு முன் விற்றது. அப்படியென்றால் கிரயப் பத்திரம், விற்ற பணம் வங்கியில் ஏறிய ஸ்டேட்மென்ட், அப்பாவின் அடையாள அட்டை, இது கடனில்லை, வீட்டில் எனக்குப் பங்கும் வேண்டாம் என்று அவர் கையெழுத்திட்ட கடிதம், எல்லாம் வேண்டும். கருப்புப் பணத் தடுப்புச் சட்டம், அவர்களுக்கும் வேறு வழியில்லை.

"எதுக்குடா அவனுக்கு நம்ம வீட்டுக் கணக்கு?" என்று அப்பா இரண்டு நாள் கோபத்தில் இருந்தார். அப்புறம் பாஸ்புக்கை வாட்ஸப்பில் போட்டோ எடுத்து அனுப்பினார், பாதிப் பக்கத்தில் அவர் கட்டைவிரல். சொலிசிட்டர் அதை ஏற்கவில்லை. வங்கியிலிருந்தே பிடிஎஃப் ஸ்டேட்மென்ட் வாங்கினோம். பத்திரம் முழுக்கத் தமிழில் இருந்ததால் சான்றளித்த மொழிபெயர்ப்புக்கு நாலு நாள். அதில் "நஞ்சை" என்பதை ஈர நிலம் என்று மொழிபெயர்த்திருந்தார்கள், வெள்ளம் வரும் இடமா என்று சொலிசிட்டர் கேட்க, நெல் வயல் அம்மா என்று விளக்கி ஒரு மெயில்.

இதில் ஒன்றுகூட ரிசர்வ் செய்த பிறகுதான் செய்யணும் என்று இல்லை. வீடு பார்க்க ஆரம்பிக்கும்போதே ஊருக்கு போன் போட்டு இந்தக் காகிதங்களைச் சேர்த்துவிடுங்கள். ஊரில் ஸ்கேனர் இல்லையென்றால் அடோபி ஸ்கேன் செயலியைத் தம்பி தங்கை யாராவது போனில் ஏற்றிக் கொடுக்கட்டும். பணத்தையும் முன்னாடியே வரவழைத்துவிடுங்கள். அப்பா பான் கார்டோடு வங்கிக்குப் போய் ஏ2 படிவம் (வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் விண்ணப்பம்) கொடுத்து எல்ஆர்எஸ் வழியாக, அதாவது தனிநபர் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் திட்டத்தின் வழியாக, அனுப்பணும்.

படி 6: நாள் போதாது என்று தெரிந்தால்

28ஆம் நாள் வரை காத்திருக்க வேண்டாம். நான் 23ஆம் நாளே சேல்ஸ் ஆபீஸுக்கு மெயில் போட்டேன்: மார்ட்கேஜ் ஆஃபர் வந்துவிட்டது, சர்ச் வந்துவிட்டது, பாக்கி ஒரே ஒரு மொழிபெயர்ப்பு, 7 நாள் கூடுதலாக வேண்டும். மொழிபெயர்ப்பாளரின் ரசீதையும் இணைத்தேன். போனில் முதலில் கறாராகப் பேசினார்கள், வேறு ஆள் காத்திருக்கிறார் என்றார்கள். மறுநாள் மெயிலில் சம்மதம் வந்தது. நாள் தாண்டிவிட்டால் வீட்டை மறுபடி விற்பனைக்குப் போட அவர்களுக்கு உரிமை உண்டு, விலையும் ஏறலாம். ஆனால் முக்கால் கிணறு தாண்டியவரைத் துரத்திவிட்டுப் புது ஆளோடு முதலிலிருந்து ஆரம்பிக்க அவர்களுக்கும் ஆசை இருக்காது.

பிற்சேர்க்கை 1: 9 லட்சத்துக்கு வரி பிடிக்கவில்லையா என்று கேட்டிருந்தார் ஒருவர். 2025 ஏப்ரலிலிருந்து ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் இப்படி அன்பளிப்பாக அனுப்பினால், மேலே போகும் தொகைக்கு 20 சதவீதம் டிசிஎஸ் (அனுப்பும்போதே வங்கி வசூலிக்கும் முன்கூட்டிய வரி) பிடிப்பார்கள். அது அப்பாவின் வருமான வரிக் கணக்கில் கழியும், திரும்பவும் வரும், ஆனால் உங்கள் 28 நாளுக்குள் வராது. அம்மா பெயரில் தனியாகப் பணம் இருந்தால் அவருக்குத் தனி 10 லட்சம்.

பிற்சேர்க்கை 2: இது எனக்கே தெரியாதது, ஒரு வாசகர் சொன்னது. ஊரில் உங்கள் பெயரில் ஒரு ஃபிளாட் இருந்தால் இங்கே நீங்கள் முதல் வீடு வாங்குபவர் இல்லை, அந்த ஸ்டாம்ப் டியூட்டிச் சலுகை கிடைக்காது. அந்த ஃபிளாட்டில் உங்கள் பங்கு 40,000 பவுண்டோ அதற்கு மேலோ என்றால், பொதுவாக வீட்டு விலை முழுவதற்கும் 5 சதவீதம் கூடுதலாகவும் கட்டணும். உலகில் எங்கே வீடு இருந்தாலும் கணக்கில் வரும். அந்த வாசகர் எக்ஸ்சேஞ்சுக்கு இரண்டு நாள் முன்னால் தெரிந்துகொண்டாராம். கல்யாணத்தின்போது உங்கள் பெயரில் ஏதாவது எழுதிவைத்தார்களா என்று ரிசர்வ் செய்வதற்கு முன்பே வீட்டில் கேட்டுவிடுங்கள்.