ரேஸ் காரில் எண்ணும் ஸ்பான்சர் லோகோவும்: எதை எங்கே ஒட்டுவது

ரேஸ் காரில் ஸ்டிக்கர் ஒட்ட ஒரு வரிசை உண்டு. முதலில் போட்டி எண், அடுத்து போட்டி நடத்துகிறவர்கள் தரும் கட்டாய ஸ்டிக்கர்கள், கடைசியில்தான் ஸ்பான்சர். நிறைய அணிகள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. பணம் கொடுத்தவரின் லோகோவைக் கதவு முழுக்கப் பரப்பிவிட்டு, மிஞ்சிய மூலையில் எண்ணைத் திணிக்கிறார்கள். அப்படி வரும் காரை வாகனப் பரிசோதனையில் திருப்பி அனுப்புவார்கள். பிட்டில் (காரைப் பழுதுபார்க்கும் இடத்தில்) நின்றபடி அவசர அவசரமாக லோகோவைக் கிழிக்க வேண்டிவரும்.

லேப் (ஒரு சுற்று) நேரத்தை, காரில் பொருத்திய சிக்னல் கருவியான டிரான்ஸ்பாண்டரே குறித்துவிடும்போது எண்ணுக்கு ஏன் இத்தனை மரியாதை என்று தோன்றலாம். டிரான்ஸ்பாண்டர் பழுதானால் லேப்பை எண்ணப்போவது மனிதக் கண்தான். ஓட்டுநரைப் பிட்டுக்கு அழைக்கும் கறுப்புக் கொடியோடு காட்டுவதும், வளைவில் நிற்கும் பாதுகாப்புப் பணியாளரான மார்ஷல் ரேடியோவில் சொல்வதும் அந்த எண்ணைத்தான். 38-ஐ ஒருவர் 33 என்று படித்துவிட்டால் தண்டனை வேறொரு காருக்குப் போய்விடும்.

எண்ணின் அளவு

நீங்கள் ஓடும் பந்தயத் தொடரின் விதிப்புத்தகம் சொல்வதே முடிவு. அது தனி அளவு எதுவும் சொல்லாவிட்டால் சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் பொது அளவுகளைப் பிடித்துக்கொள்ளுங்கள். வெள்ளைச் செவ்வகத்தின் மேல் கறுப்பு எண். உடல் மூடிய கார்களில் எண்ணின் உயரம் குறைந்தது 28 செ.மீ., கோட்டுத் தடிமன் 5 செ.மீ., பின்னணி 50 செ.மீ. அகலம், 38 செ.மீ. உயரம். ஒற்றை இருக்கைக் கார்களில் உயரம் 23, தடிமன் 4, பின்னணி 45-க்கு 33. எண்ணின் எந்தப் பக்கத்திலிருந்தும் பின்னணியின் ஓரம் வரை 5 செ.மீ. வெள்ளை விட வேண்டும். கார் வெளிர் நிறம் என்றால் செவ்வகத்தைச் சுற்றி 5 செ.மீ. கறுப்புப் பட்டை போடுங்கள். செவ்வகத்துக்கு மேலோ கீழோ அதே அகலத்தில் 12 செ.மீ. உயர இடம் போட்டி நடத்துகிறவர்களுக்குச் சொந்தம். அதில் உங்கள் ஸ்பான்சரை வைத்துவிடாதீர்கள்.

மூன்று இலக்க எண் வந்தால்தான் சிக்கல். 50 செ.மீ. அகலத்தில் இரு ஓரமும் போக மிஞ்சுவது 40 செ.மீ. மூன்று இலக்கத்தை அதற்குள் நெருக்கினால் கோடு மெலியும், இலக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டும். பின்னணியை அகலப்படுத்துங்கள்; கோட்டை மெலிய விடாதீர்கள்.

இடம்: இரண்டு முன் கதவுகள், பானெட். பானெட்டில் உள்ளதை எதிரே நிற்பவர் நேராகப் படிக்க முடிய வேண்டும். ஒற்றை இருக்கைக் காரில் மூக்கும் இரண்டு பக்கங்களும். உலக ராலி சாம்பியன்ஷிப்பில் கணக்கே வேறு. கதவுத் தகடு 67-க்கு 17 செ.மீ., அதன் முன் ஓரத்தில் மங்கல் கறுப்பின் மேல் 14 செ.மீ. உயர ஃப்ளோரசன்ட் மஞ்சள் எண். தகட்டின் மேல் விளிம்பு ஜன்னலின் கீழ் விளிம்பிலிருந்து 7 முதல் 10 செ.மீ. கீழே வர வேண்டும். தகட்டைச் சுற்றி 10 செ.மீ.க்குள் வேறு எந்த ஸ்டிக்கரும் கூடாது.

எழுத்துரு நிமிர்ந்தும் தடித்தும் இருக்கட்டும். 1-ம் 7-ம், 3-ம் 8-ம், 5-ம் 6-ம் தூரத்தில் ஒன்றாகத் தெரியும். நிழல், இரட்டை விளிம்பு, கண்ணாடிபோல் பளபளக்கும் குரோம் வினைல் (ஸ்டிக்கர் வெட்டும் பிளாஸ்டிக் தாள்) மூன்றும் அந்தக் குழப்பத்தைக் கூட்டும். குரோம் வெயிலில் வானத்தைப் பிரதிபலித்து எண்ணையே விழுங்கிவிடும். கறுப்பில் சிவப்பு, வெள்ளையில் மஞ்சள் வேண்டவே வேண்டாம். சாய்ந்த எண் இடப்பக்கத்தில் பின்னோக்கிப் படுத்தது போலவும் வலப்பக்கத்தில் முன்னோக்கிப் பாய்வது போலவும் தெரியும்.

வினைலை வெட்டுமுன் எண்ணைச் சாதாரணத் தாளில் முழு அளவில் அச்சடித்து மாஸ்கிங் டேப்பால் கதவில் ஒட்டுங்கள். 30 மீட்டர் தள்ளிப் போய் போனில் படம் எடுத்து, அதைக் கறுப்பு வெள்ளையாக்கிக் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்குங்கள். அப்போதும் எண்ணைச் சட்டென்று படிக்க முடிந்தால் போதும். லோகோக்களுக்கும் இதே சோதனைதான்.

மூடவே கூடாதவை

வெளிப்புற மின் துண்டிப்பு சுவிட்சுக்கான குறி, வெள்ளை விளிம்புள்ள நீல முக்கோணத்தில் சிவப்பு மின்னல். அடிப்பகுதி குறைந்தது 12 செ.மீ. தீயணைப்பான் இழுப்பிக்கான குறி, சிவப்பு விளிம்புள்ள வெள்ளை வட்டத்தில் சிவப்பு ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்து. விட்டம் குறைந்தது 10 செ.மீ. இழுவைக் கொக்கியின் அம்புக்குறியும் இந்த வகைதான். மீட்புக் குழு ஓடி வரும்போது இவற்றைத் தேடிக்கொண்டு நிற்கக் கூடாது. சிவப்பு லோகோ ஒன்றை இவற்றின் பக்கத்தில் வைப்பதும் மூடுவதற்குச் சமம். ஒரு சாண் இடம் விடுங்கள். கண்ணாடிகளும் அப்படித்தான். எஃப்.ஐ.ஏ. பொது விதிப்படி முன் கண்ணாடியின் மேல் 10 செ.மீ. பட்டை, பின்பக்கப் பார்வை மறையாதபடி பின் கண்ணாடியில் 8 செ.மீ. பட்டை, அவ்வளவுதான்.

ஸ்பான்சருக்கு எந்த இடம்

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் தொடரின் கட்டாய ஸ்டிக்கர் வரைபடத்தை வாங்கிவிடுங்கள். டயர், எண்ணெய் நிறுவனங்களுக்குத் தொடரே இடம் கொடுத்திருக்கலாம். அவற்றோடு தொழிலில் போட்டியிடும் நிறுவனத்துக்குக் காரில் அனுமதி இருக்காது. பரிசுத்தொகை தரும் நிறுவனங்களின் சின்ன ஸ்டிக்கர்கள் சொன்ன இடத்தில் இல்லாவிட்டால் அந்தப் பணமும் வராது.

இடத்தின் மதிப்பு பரப்பளவில் இல்லை, கேமராவில் இருக்கிறது. புகைப்படக்காரர்கள் அதிகம் எடுப்பது, முன்பக்கமும் ஒரு பக்கவாட்டும் சேர்ந்து தெரியும் முன் முக்கால் கோணம். அதில் பானெட்டின் முன்பாதியும் முன் சக்கரத்துக்குப் பின்னால் உள்ள ஃபெண்டரும் விழும். பக்கவாட்டில் கேமராவைத் திருப்பி எடுக்கும் படத்தில் கதவும் பின் குவார்ட்டரும் (பின் சக்கரத்தைச் சுற்றிய பக்கத் தகடு). பின்தொடரும் காரின் கேமராவில் பின் இறக்கையும் பின் பம்பரும். உள்கேமராவில் டாஷ்போர்டு, கணக்கில் வராமல் போகும் நல்ல இடம் அது.

2022-இல் அமெரிக்காவின் நாஸ்கார் கப் பந்தயத் தொடர், புதிய தலைமுறைக் காரோடு கதவு எண்ணை முன் சக்கரத்தை நோக்கி நகர்த்தியது. கதவின் பின்பகுதியிலிருந்து பின் சக்கரம் வரை இடைவெட்டில்லாமல் ஒரே பெரிய பரப்பு ஸ்பான்சருக்குக் கிடைத்தது. உங்கள் விதி இடம் கொடுத்தால் இதே வழியைப் பின்பற்றுங்கள்.

ஒரு பக்கத்துக்கு ஒரு பெரிய லோகோ, இரண்டு நடுத்தரம், மற்றவை வரிசையாகக் கீழே. பன்னிரண்டை ஒரே அளவில் தூவினால் ஒன்றையும் படிக்க முடியாது. நீண்ட, ஒல்லியான லோகோவைக் கதவுக்குக் கீழுள்ள சில்லில் வைக்கலாம். ஆனால் சக்கரம் வாரியிறைக்கும் ரப்பர் துணுக்கும் கல்லும் அதைச் சில போட்டிகளிலேயே அரித்துவிடும். பெரிய தொகை கொடுத்தவரை அங்கே வைக்காதீர்கள். லோகோவில் ஓடும் உருவம் இருந்தால் ஒரு பக்கம் அது பின்னோக்கி ஓடும்; திருப்பிப்போட்ட வடிவத்துக்கு ஸ்பான்சரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். எழுத்தை மட்டும் ஒருபோதும் திருப்பாதீர்கள்.

ஒட்டுவது

வளைந்த பம்பருக்கும் ஃபெண்டருக்கும் வார்த்துச் செய்யும் கேஸ்ட் வினைல்; தட்டையான கதவுக்கு, உருளைகளால் அழுத்தித் தகடாக்கும் காலண்டர்டு வினைல் போதும். காலண்டர்டு சுருங்கும் குணமுள்ளது, வளைவில் இழுத்து ஒட்டினால் ஓரம் கிளம்பிவிடும். காந்தத் தகடு வேகத்தில் பறக்கும். அலுமினியத்திலும் ஃபைபரிலும் ஒட்டவும் ஒட்டாது.

பரப்பைச் சோப்பு நீரால் கழுவி, ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடையுங்கள். மெழுகோ சிலிக்கான் பாலிஷோ மிஞ்சியிருந்தால் எந்த வினைலும் நிற்காது. புதுப் பெயின்ட் முழுதாகக் காயாவிட்டால் அடியிலிருந்து வாயு வந்து கொப்புளம் கட்டும். 15 முதல் 25 டிகிரி வெப்பத்தில், நிழலில் வேலை செய்யுங்கள். ஸ்டிக்கரை இடத்தில் வைத்து, நடுவில் மாஸ்கிங் டேப்பை நெடுக்காக ஒட்டுங்கள். ஒரு பாதியைத் தூக்கி அடித்தாளை வெட்டி எடுத்து, நடுவிலிருந்து வெளிநோக்கி ஸ்க்வீஜியை (அழுத்தித் தேய்க்கும் தட்டை) 45 டிகிரி சாய்வில், ஒவ்வொரு இழுப்பும் முந்தையதன் ஓரத்தில் ஏறும்படி இழுங்கள். பிறகு டேப்பை எடுத்துவிட்டு மறு பாதி. காற்று வெளியேறும் வரிகளுள்ள வினைலில் தண்ணீர் தெளிக்காதீர்கள். வரிகளில் நீர் தங்கிவிடும்.

காற்று முதலில் மோதும் ஓரம்தான் முதலில் கிளம்பும். மூலைகளை வட்டமாக வெட்டுங்கள். பேனல் விளிம்பில் 3 முதல் 5 மி.மீ. முன்னாலேயே நிறுத்துங்கள், இல்லையென்றால் உள்பக்கம் மடித்து ஒட்டுங்கள். குழிவான இடங்களை ஹீட் கன்னால் மறுபடி சூடாக்கி அழுத்துங்கள். பாலிகார்பனேட் ஜன்னலில் ஹீட் கன்னும் தின்னரும் வேண்டாம், வெடிப்பு விழும். ஒட்டிய 24 மணி நேரத்துக்குப் பிரஷர் வாஷ் கூடாது.

இடிபடுவது பெரும்பாலும் மூக்கும் முன் பம்பரும் கதவுகளும்தான். அவற்றுக்கான எண்ணையும் லோகோவையும் இன்னொரு செட் வெட்டி, சுருட்டாமல் தட்டையாக வைத்து, டிரக்கில் கொண்டுபோங்கள். வினைலின் நிறக் குறியீட்டு எண்ணையும் அந்த உறையின் மேல் எழுதிவிடுங்கள்.