பழைய எக்ஸ்எல்ல பறக்க விடுறேன்னு நாம பண்ற தப்புகள்

தாத்தா ஓட்டின டிவிஎஸ் எக்ஸ்எல் சூப்பர் மாட்டுக்கொட்டாய் ஓரமா நிக்குது, அத பிரிச்சு ஸ்பீடு ஏத்திடலாம்னு கை அரிக்கும், எனக்கும் அரிச்சுச்சு. நான் முதல்ல பண்ண வேல சைலன்சருக்கு ஓட்ட போட்டது. சத்தம் தெருவையே எழுப்புச்சு, வண்டி முன்னவிட மெதுவா போச்சு. எக்ஸ்எல் மாதிரி டூ ஸ்ட்ரோக் இன்ஜின்ல சைலன்சர்லருந்து திரும்பி அடிக்கிற அழுத்தம்தான் எரியாத பெட்ரோல் வெளிய ஓடாம உள்ள தள்ளுது, அத ஒடச்சா இழுவை எங்க வரும்? உள்ள கரி அடைச்சிருக்கும், அத மட்டும் சுத்தம் பண்ணுங்க, போன பிக்கப்ல பாதி அதுலயே வந்துடும்.

ஏர் ஃபில்டர தூக்கி எறியிறது அடுத்த கூத்து. காத்து ஜாஸ்தியாகும் பெட்ரோல் கம்மியாகும், இன்ஜின் சூடாகி ஒரு நாள் நடு ரோட்டுல பிஸ்டன் சீஸ் ஆகி, அதாவது சிலிண்டருக்குள்ளயே இறுகிப் போயி, வீல் லாக் ஆயிடும். இதே சீஸ் ஆயில் ஜாஸ்தி ஊத்துனாலும் வரும், யாரும் நம்ப மாட்டேங்குறாங்க! பெட்ரோல்ல கலக்குற 2டி ஆயில் லிட்டருக்கு 20 மில்லின்னா ஒரு பங்கு ஆயிலுக்கு அம்பது பங்கு பெட்ரோல், "பாதுகாப்புக்கு"ன்னு 50 மில்லி ஊத்துனா கார்புரேட்டர்ல இருக்குற அதே ஜெட் ஓட்ட வழியா போற பெட்ரோல் அந்த அளவுக்குக் கொறயுதுல்ல. ஸ்பார்க் பிளக்க கழட்டிப் பாருங்க, நுனி காபிப்பொடி கலர்ல இருந்தா சரி, வெள்ளையா இருந்தா பெட்ரோல் பத்தல, கருப்பா ஈரமா இருந்தா பெட்ரோலோ ஆயிலோ ஜாஸ்தி. கார்புரேட்டர் சரியா இருந்தும் வெள்ளையாவே வருதுன்னா மேக்னட் பக்க ஆயில் சீல் போயிருக்கான்னு பாருங்க, அது வழியா காத்து இழுக்கும்.

இன்ஜின் பிரிக்கும்போது சிலிண்டருக்குக் கீழ இருக்குற கிரான்க்கேஸ் வாய்ல ஒரு துணிய அடைச்சுக்கோங்க. நான் அடைக்கல, பிஸ்டன் பின்ன புடிச்சிருக்குற சர்க்ளிப்ங்கிற குட்டி கம்பி வளையம் டிக்னு தெறிச்சு உள்ள போயிடுச்சு, ஸ்பீக்கர் காந்தத்த கம்பில கட்டி ராத்திரி பதினொரு மணி வரைக்கும் தூண்டில் போட்டேன். கெடச்சதையே திரும்ப மாட்டப் பாத்தேன், மெக்கானிக் அண்ணன் தலையில தட்டி புதுசு குடுத்தாரு, அஞ்சு பத்து ரூபா சமாச்சாரம். பிஸ்டன் தலையில இருக்குற அம்புக்குறி எக்சாஸ்ட் பக்கம் பாக்கணும், ரிங்கோட வாய் ரிங் காடில இருக்குற குட்டி பின்னுல உக்காரணும், இல்லனா சிலிண்டர் இறங்கும்போதே ரிங் ஒடஞ்சிடும். தேஞ்ச சிலிண்டர கடஞ்சு பெருசாக்குற போரிங் போடணும்னா முதல்ல 0.25 மில்லிமீட்டரோ 0.50 மில்லிமீட்டரோ ஓவர்சைஸ் பிஸ்டன வாங்கி கையில எடுத்துட்டுப் போங்க, அத அளந்துதான் கடைக்காரர் சிலிண்டர கடையணும்.

இது 69.9 சிசி, கியரே கிடையாது. பின்னாடி சின்ன பல்சக்கரம் மாட்டுனா சமதரைல கொஞ்சம் கூட ஓடும், ஆனா மேம்பாலம் ஏறும்போது கிளட்ச் வழுக்கி கருகுற வாசன வரும், செருப்பு தேய தள்ளிட்டுப் போகணும். பிரேக் ஷூ பழசாவே இருக்க ஸ்பீடு மட்டும் ஏத்துறவன என்ன சொல்றது.

அப்புறம் மொபெட்தானேன்னு 16 வயசுல எடுத்துட்டுக் கெளம்பாதீங்க தம்பிகளா, அந்த வயசுக்கு சட்டம் விடுறது 50 சிசி வரைக்கும்தான், எக்ஸ்எல் அதுல வராது. புடிச்சா வண்டி ஓனருக்கு 25,000 ரூபா அபராதம், நம்ம கேஸ்ல அது தாத்தா.